அரைமணி நேரமும் எட்டாத கிரெஷும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

குழந்தை பெற்ற பெண் வேலையை விட்டுவிடுவதே குடும்பத்துக்கு நல்லது என்று கோவில் கூட்டமொன்றில் அண்மையில் ஒருவர் பேசக் கேட்டேன். 1970ஆம் ஆண்டின் ஏற்றுமதி வலயச் சட்டத்துக்குப் பிறகு மொரீசியசில் பெருகிய தையல் ஆலைகளில் பெரும்பாலும் பெண்களே உழைத்தார்கள். எண்பதுகளில் நானும் அவர்களில் ஒருத்தி. தகரக் கூரை போய் எங்கள் வீட்டுக்குக் கான்கிரீட் வந்தது அந்தச் சம்பளத்தில்தான். பிள்ளைகளை வளர்த்தவர் மாமியார் என்பதையும் மறைக்கக் கூடாது. அவர் இல்லாவிட்டால் ஒரு மாதம்கூட நான் ஆலையில் நீடித்திருக்க மாட்டேன்.

கியூர்பீப் நகரில் தனிக்குடித்தனம் இருக்கும் என் மகளுக்கு அந்தத் துணை இல்லை. 2024இல் திருத்தப்பட்ட தொழிலாளர் உரிமைச் சட்டம் தாய்க்கு 16 வாரமும் தந்தைக்கு 4 வாரமும் விடுப்பு தருகிறது. வேலைக்குத் திரும்பிய தாய்க்குப் பாலூட்டுவதற்காக நாள்தோறும் இரண்டு அரைமணி நேரமோ சேர்த்து ஒரு மணி நேரமோ ஆறு மாதம் வரை ஒதுக்க வேண்டும் என்றும் அது சொல்கிறது. குழந்தை கியூர்பீப்பில் கிரெஷ் எனும் குழந்தைக் காப்பகத்தில் இருக்க, தாய் வேறு ஊரான எபேனில் அலுவலகத்தில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தால், போய்வரவே அந்த நேரம் போதாது. அலுவலகக் கழிப்பறையில் பாலைப் பீய்ச்சிக் கொட்டிவிட்டு, என் மகள் மீண்டும் நாற்காலியில் போய் அமர்ந்தாள்.

ஐம்பது பேருக்கு மேல் வேலை செய்யும் இடங்களிலாவது கிரெஷ் கட்டாயமாக வேண்டும். ஒரே கட்டடத்திலுள்ள சிறிய அலுவலகங்கள் செலவைப் பகிர்ந்து பொதுவாக ஒன்றை நடத்தலாம். இந்தியாவில் 2017இல் திருத்தப்பட்ட மகப்பேற்றுச் சலுகைச் சட்டம் 50 ஊழியர் உள்ள நிறுவனங்களுக்கு இதைக் கடமையாக்கியதோடு, தாய் ஒரு நாளில் நான்கு முறை குழந்தையைப் பார்த்துவரவும் இடமளித்தது. பெண்களை மட்டும் எண்ணிக் கணக்கிட்டால் முதலாளிகள் பெண்களைச் சேர்க்கவே தயங்குவார்கள் என்பதால், ஆண் பெண் இருபாலாரையும் எண்ண வேண்டும். அப்போது தந்தையும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு மெட்ரோவில் ஏறலாம். காவடி விரதத்துக்குப் பத்து நாளும் விடியுமுன் பெண்கள் சமைத்ததை உண்ணும் ஆண்களுக்கு இது பெரிய சுமையாக இராது.

அடுத்த வரவு செலவுத் திட்டத்துக்கு முன் நம் தமிழ்ச் சங்கங்கள் இதை ஒரு மனுவாக எழுதி அரசிடம் தர வேண்டும். கோவிலில் பேசிய அன்பரே முதல் கையொப்பம் இடட்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தையல் தொழிலாளி,
ரோஸ் ஹில், மொரீசியஸ்