ஒரு குரல் பதிவுக்கும், உடன் நின்ற எல்லோருக்கும் நன்றி

அன்பு நண்பர்களே,

லிப்ரெ ஆஃபிஸ் என்னும் இலவச அலுவலக மென்பொருளில், திரையின் ஓரமாக எழுத்துரு, பத்தி போன்ற அமைப்புகளைக் காட்டும் பக்கப்பட்டைக்கு நாம் கொண்டுவந்த மாற்றம், அதைப் பற்றி நமக்குள் நடந்த கடும் விவாதத்தைத் தாண்டித் தப்பிப் பிழைத்துவிட்டது. பிப்ரவரியில் வரவிருக்கும் பதிப்பில் அது இடம்பெறுகிறது. டிசம்பர் மாதம் எப்படிக் கழிந்தது என்பது இதைப் படிக்கும் உங்களுக்கெல்லாம் தெரியும். யார் என்ன சொன்னார்கள், எது எந்த நிமிடத்தில் கைவிடப்பட இருந்தது என்பதையெல்லாம் மறுபடி கிளற எனக்கு மனமில்லை. இப்போதுதான் நிம்மதியாக மூச்சு விடுகிறேன். அந்த ஈரம் காய்வதற்குள் நன்றி சொல்லிவிட வேண்டும் என்றுதான் உட்கார்ந்திருக்கிறேன்.

முதல் நன்றி ஒரு டீச்சருக்கு. பெயரைப் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அதனால் டீச்சர் என்றே எழுதுகிறேன். அரசுப் பள்ளியில் வரலாறு கற்பிக்கிறார். பார்வையற்றவர். வினாத்தாள், மதிப்பெண் பட்டியல், தலைமை ஆசிரியருக்குக் கொடுக்கும் விண்ணப்பம் என எல்லாவற்றையும் லிப்ரெ ஆஃபிஸின் எழுதும் செயலியான ரைட்டரில் அவரேதான் தயாரிக்கிறார். திரையில் இருப்பதை என்விடிஏ என்னும் இலவசத் திரைவாசிப்பான் ஈஸ்பீக் என்னும் பேச்சு மென்பொருளின் தமிழ்க் குரலில் அவருக்குப் படித்துச் சொல்லும். நம் குழுக்கள் எதிலும் அவர் இருந்ததில்லை. அவருடைய பழைய மாணவர் ஒருவர், சோதனைப் பதிப்பு வந்திருக்கிறது என்று போகிற போக்கில் சொல்லியிருக்கிறார். அரையாண்டுத் தேர்வு வேலை தலைக்கு மேல் இருந்த அந்த வாரத்தில், டீச்சர் அதை இறக்கித் தம் கணினியில் நிறுவி, புதிய பக்கப்பட்டையைத் தொடக்கம் முதல் கடைசி வரை கேட்டிருக்கிறார். கேட்டதை அப்படியே பதிவு செய்து எனக்கு அனுப்பினார்.

அந்தப் பதிவை நீங்களும் கேட்க வேண்டும். பின்னணியில் மின்விசிறி ஓடுகிறது. எஃப்6 விசையைத் தட்டித் தட்டிப் பக்கப்பட்டைக்கு வருகிறார். இயந்திரக் குரல் நம் காதுக்குப் பிடிபடாத வேகத்தில் படிக்கிறது; எனக்காக அதன் வேகத்தைக் குறைக்கிறார். எழுத்துரு, அளவு, தடிப்பு என ஒவ்வொன்றும் பெயரோடு வருகிறது. பத்தி அமைப்புப் பகுதிக்கு வந்ததும் பெயர்கள் நின்றுபோகின்றன. "சுழியம் புள்ளி சுழியம் சுழியம் செ.மீ." டேப் விசை. மறுபடி "சுழியம் புள்ளி சுழியம் சுழியம் செ.மீ." இன்னொரு டேப். மறுபடியும் அதே. அங்கே ஐந்து எண் பெட்டிகள் இருக்கின்றன: பத்திக்கு மேல் இடைவெளி, கீழ் இடைவெளி, முன் உள்தள்ளல், பின் உள்தள்ளல், முதல் வரி உள்தள்ளல். ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு சிறு படம். பார்க்கிறவருக்கு அந்தப் படம் போதும்.

அதன் பிறகு அவர் செய்ததுதான் என்னை உலுக்கியது. முதல் பெட்டியில் ஒரு சென்டிமீட்டர் என்று போடுகிறார். பக்கப்பட்டையை விட்டு வெளியே வந்து, பழைய பட்டியை (மெனுவை) திறந்து, பத்தி உரையாடல் பெட்டிக்குள் போய், எந்த அளவு மாறியிருக்கிறது என்று ஒவ்வொன்றாகக் கேட்கிறார். "இது மேல் இடைவெளி, தம்பி" என்கிறார். அதைப் பழையபடி மாற்றிவிட்டு அடுத்த பெட்டிக்குப் போகிறார். இப்படியே ஐந்தையும் கண்டுபிடித்து முடிக்கிறார். நடுவில் ஒரு இடத்தில் மட்டும் நிறுத்திச் சொல்கிறார்: "அஞ்சறைப்பெட்டியில் கடுகும் சீரகமும் இடம் மாறியிருந்தால் விரல் சொல்லிவிடும். இங்கே தொட்டுப் பார்க்க ஒன்றுமில்லையே, அதனால்தான் சுற்றிப் போகிறேன்." குரலில் குறை சொல்லும் தொனி துளியும் இல்லை. ஒரு மாணவனுக்குக் கணக்கைப் படிப்படியாகப் போட்டுக் காட்டுகிற பொறுமைதான் இருந்தது. கடைசியில், பெட்டிகளின் புது வரிசை தமக்குப் பிடித்திருக்கிறது என்றும், பெயர் மட்டும் வந்துவிட்டால் வினாத்தாள் வேலை பாதியாகக் குறையும் என்றும் சொல்லி முடித்திருந்தார்.

அந்த ஒலிக்கோப்பை விவாதத்தில் சேர்த்த பிறகு பேச்சின் போக்கே மாறியது. அதுவரை எது அழகு, எது பழக்கம் என்றுதான் எல்லோரும் மோதிக்கொண்டிருந்தோம். திரையில் எது எங்கே வர வேண்டும் என்று எழுதிவைக்கும் இடைமுக வடிவக் கோப்பில் ஒவ்வொரு பெட்டிக்கும் திரையில் தெரியாத, ஆனால் திரைவாசிப்பான் படிக்கக்கூடிய ஒரு பெயரை எழுதலாம். அதற்கு ஓரிரு வரிகள் போதும். ஆனால் அவை புதிய சொற்றொடர்கள். லிப்ரெ ஆஃபிஸ் நூற்றுக்கும் மேற்பட்ட மொழிகளில் வருகிறது. சொற்றொடர்கள் உறையும் நாள், அதாவது மொழிபெயர்ப்புக்காகப் புதிய சொற்றொடர் சேர்ப்பதை நிறுத்தும் நாள், நெருங்கிக்கொண்டிருந்தது. அந்த நேரத்தில் முகம் சுளிக்காமல் அந்த வரிகளை ஏற்றுக்கொண்ட மொழிபெயர்ப்பாளர்கள் அனைவருக்கும் என் வணக்கம். நள்ளிரவில் நிரலைப் படித்து ஒப்புதல் தந்தவர்களுக்கும், 1366×768 அளவுள்ள சிறிய திரை கொண்ட பழைய மடிக்கணினிகளில் ஓட்டிப் பார்த்தவர்களுக்கும், அரபியிலும் எபிரேயத்திலும் வலமிருந்து இடமாகப் புரட்டிச் சோதித்தவர்களுக்கும், கறுப்புப் பின்னணியில் படங்கள் தெரிகின்றனவா என்று பார்த்தவர்களுக்கும் நன்றி. கடுமையாக எதிர்த்துவிட்டு, பதிவைக் கேட்டதும் தாமே முன்வந்து சோதனைக் குறிப்பு எழுதிக் கொடுத்த நண்பருக்கும் நன்றி. அவர் பெருந்தன்மையை நான் மறக்க மாட்டேன்.

இந்த மென்பொருளின் முகத்தை மாற்றுவது என்றைக்கும் எளிதாக இருந்ததில்லை. 2010இல் ஓப்பன் ஆஃபிஸ் என்னும் தாய் மென்பொருளிலிருந்து பிரிந்து வந்தபோது பட்டிகளும் கருவிப்பட்டைகளும்தான் கூடவே வந்தன. 2013இல் பக்கப்பட்டை சேர்ந்தது. அது ஐபிஎம் நிறுவனத்தின் சிம்பொனி என்னும் அலுவலக மென்பொருளிலிருந்து கிடைத்த கொடை. 2017இல் 5.3 பதிப்பில் தத்தல்கள் (டேப்கள்) கொண்ட பட்டை சோதனைக்கு வந்து, 2019இல் 6.2 பதிப்பில் எல்லோர் கைக்கும் கிடைத்தது. ஒவ்வொரு முறையும் புதியதைச் சேர்த்தார்களே தவிர, பழையதைப் பிடுங்கிப் போடவில்லை. வேண்டியவர் வேண்டிய முகத்தைத் தேர்ந்துகொள்ளலாம். இதனால் பராமரிப்புச் சுமை கூடுகிறது என்று நானே முன்பு வாதாடியிருக்கிறேன். அந்த வாதத்தில் நியாயமும் உண்டு. ஆனால் டீச்சர் தட்டுத் தடுமாறாமல் போய்ச் சேர்ந்தது அந்தப் பழைய பட்டிக்குத்தான். அது இல்லாமல் போயிருந்தால் ஐந்து பெட்டிகளும் அவருக்கு மூடியே கிடந்திருக்கும். ஜெர்மனியின் ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைன் மாநில அரசு தன் 30,000 கணினிகளை லிப்ரெ ஆஃபிஸுக்கு மாற்றுவதாக 2024இல் அறிவித்தது. அந்த அலுவலகங்களிலும் டீச்சரைப் போல் காதால் வேலை செய்கிறவர்கள் இருப்பார்கள். அவர்கள் திறக்கப்போவதும் இதே பக்கப்பட்டையைத்தான்.

அதனால் எனக்கு நானே ஒரு விதி வகுத்துக்கொண்டேன். இனி நான் வரையும் எந்தப் பகுதியையும், திரையை அணைத்துவிட்டு விசைப்பலகையாலும் திரைவாசிப்பானாலும் ஒருமுறை முழுக்க இயக்கிப் பார்க்காமல் ஒப்புதலுக்கு அனுப்ப மாட்டேன். பிறர் அனுப்பும் மாற்றங்களைப் பார்க்கும்போதும் இதையே செய்வேன். திரைவாசிப்பான் என்று பார்த்தால் லினக்ஸில் ஓர்க்கா இருக்கிறது, விண்டோஸில் என்விடிஏ இருக்கிறது. இரண்டுக்கும் காசு வேண்டாம். புதிதாகச் சேரும் பங்களிப்பாளர்கள் யாராவது இதைக் கற்றுக்கொள்ள விரும்பினால், நான் கூட உட்கார்ந்து சொல்லித்தருகிறேன்.

டீச்சர், அடுத்ததாக அட்டவணைப் பகுதியில் கை வைக்கிறோம். மதிப்பெண் பட்டியலுக்கு நீங்கள் அதைத்தான் நாள்தோறும் பயன்படுத்துகிறீர்கள் என்று சொன்னீர்கள். சோதனைப் பதிப்பு வந்தவுடன் இணைப்பை அனுப்புகிறேன். ஆண்டுத் தேர்வு முடிந்து, கை ஓய்ந்த பிறகு கேட்டால் போதும். அவசரமே இல்லை.

மிகுந்த அன்புடன்,
உங்கள் தம்பி