அளந்தால் மட்டும் போதாது, கேட்க ஆள் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

பிறந்த குழந்தையை முதல் மாதம் எப்படிப் பார்த்துக்கொள்வது என்று உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். பால், தூக்கம், தொப்புள், தடுப்பூசி எல்லாம் இருந்தது. பெற்றவளின் ரத்த அழுத்தம் பற்றி ஒரு வரிகூட இல்லை. குறையாகச் சொல்லவில்லை, ஆறு மாதத்துக்கு முன்புவரை எனக்கும் தெரியாது.

என் மகளுக்குக் கர்ப்ப காலம் முழுக்க பி.பி. சரியாகவே இருந்தது. சுகப்பிரசவம். மூன்றாம் நாள் வீட்டுக்கு வந்துவிட்டாள். ஐந்தாம் நாள் இரவு நெற்றியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "தூங்கி எத்தனை நாளாச்சு, அதான்மா" என்றாள். நானும் அப்படித்தான் நினைத்தேன். கொஞ்ச நேரத்தில், போனில் எழுத்தெல்லாம் மங்கலாகத் தெரிகிறது என்றாள். நான் எட்டு வருடமாக பி.பி. மாத்திரை போடுகிறவள். என் மெஷினை எடுத்து அவள் கையில் சுற்றினேன். 158/104. மெஷின் பழுதோ என்று என் கையிலும் சுற்றிப் பார்த்தேன்; எனக்கு 128/80! குழந்தையை மருமகனிடம் கொடுத்துவிட்டு, அவளைச் சாய்ந்து உட்காரவைத்து, ஐந்து நிமிடம் பேசாமல் இருக்கச் சொல்லி மறுபடி பார்த்தேன். 164/112. குழந்தையின் தடுப்பூசி அட்டைக்குப் பின்னால் எழுதிவைத்தேன். அந்த நேரத்தில் வீட்டில் கைக்கு அகப்பட்ட காகிதமெல்லாம் குழந்தையுடையதுதான்.

பிரசவம் பார்த்த மருத்துவமனைக்குப் போன் செய்தோம். எடுத்தவர், "குழந்தை நல்லா இருக்கா?" என்று கேட்டார். அப்புறம், காலையில் ஓ.பி.க்கு வரச் சொன்னார். எனக்கு மனசு கேட்கவில்லை. பக்கத்தில் இருந்த வேறொரு மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குக் கிளம்பிவிட்டோம். அங்கே அட்டையைப் பார்த்ததுமே டாக்டர் எழுந்துவிட்டார். அழுத்தத்தைக் குறைக்க மருந்து, வலிப்பு வராமல் இருக்க மக்னீசியம் சல்பேட். மூன்று நாள் கழித்து வீட்டுக்கு வந்தோம்.

அந்த டாக்டர் சொல்லித்தான் விஷயம் புரிந்தது. கர்ப்பத்தில் உடம்பில் தேங்கும் நீர், பிரசவத்துக்குப் பிறகு ரத்தக் குழாய்களுக்குத் திரும்புகிறது. அதனால் மூன்றாம் நாளிலிருந்து ஆறாம் நாளுக்குள் அழுத்தம் உச்சத்துக்குப் போகும். முன்பு பி.பி.யே இல்லாதவர்களுக்கும் ஆறு வாரம்வரை இந்த ஆபத்து உண்டு. ஆக, கவனிக்க வேண்டிய நாட்களில்தான் தாய் மருத்துவமனையில் இருப்பதில்லை. என் மகளின் டிஸ்சார்ஜ் சீட்டில் குழந்தைக்கு வரிசையாக ஊசித் தேதிகள்; அவளுக்கு "ஆறு வாரம் கழித்து வரவும்", அவ்வளவுதான்.

அமெரிக்காவில் பென்சில்வேனியா பல்கலைக்கழக மருத்துவர்கள், கர்ப்பத்தை ஒட்டி அழுத்தம் ஏறிய பெண்களிடம் பி.பி. மெஷினைக் கொடுத்தனுப்பி, தினமும் இரண்டு வேளை அளந்து குறுஞ்செய்தியில் அனுப்பச் சொன்னார்கள். 206 பெண்களை இரண்டு பிரிவாக்கிச் செய்த ஆய்வு. முடிவு 2018-இல் வெளியானது. முதல் 10 நாளில் பி.பி. பதிவானது, செய்தி அனுப்பிய பிரிவில் 92 சதவீதம் பேருக்கு; நேரில் வரச் சொன்ன பிரிவில் 44 சதவீதம் பேருக்குத்தான். தையல் வலியோடு பச்சைக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஒரு பி.பி. பார்க்க யார் கிளம்புவார்கள்?

எனக்குத் தெரிந்த ஒரு நர்ஸ், "வீட்டில் அளந்தால் எண்ணைப் பார்த்தே பயந்துவிடுவார்கள்" என்றார். பயந்தேன்தான். ஆனால் அது 164-ஐப் பார்த்து வந்த பயமில்லை. அதைச் சொன்ன பிறகும் காலையில் வா என்றார்களே, அப்போது வந்தது. மெஷின் இப்போது பல வீடுகளில் இருக்கிறது. அனுப்பும் எண்ணை உடனே பார்த்து, இந்த மாத்திரை போடு, இப்போதே கிளம்பி வா என்று சொல்ல மறுமுனையில் ஒருவர் இருக்க வேண்டும். அது இல்லாமல் மெஷினை மட்டும் கொடுத்து அனுப்பினால் பாதி வேலைதான்.

அழுத்தம் ஏற்கெனவே ஏறியவர்களுக்கு இந்த ஏற்பாட்டை மருத்துவமனைகள் செய்யட்டும். என் மகளைப் போன்றவர்கள் அந்தப் பட்டியலில் வரமாட்டார்கள். அவர்களுக்கு டிஸ்சார்ஜ் சீட்டில் ஒரு போன் எண்ணாவது இருக்கட்டும், இரவிலும் எடுக்கிற எண்ணாக. நீங்களும் அடுத்த முறை இப்படிக் கட்டுரை போடும்போது இதைச் சேர்த்துவிடுங்கள்: விடாத தலைவலி, கண் மங்கல், மேல்வயிற்று வலி, மூச்சுத் திணறல் இருந்தால் தூக்கக் கலக்கம் என்று விடக்கூடாது. 140/90 என்றால் அன்றே டாக்டரிடம் சொல்ல வேண்டும். மேல் எண் 160 தொட்டாலும் சரி, கீழ் எண் 110 தொட்டாலும் சரி, மணி பார்க்காமல் கிளம்ப வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி