வளையலும் புத்தகமும் இடம் மாறிய இரவில் உதவியவர்களுக்கு

அன்பார்ந்த எல்லாருக்கும் வணக்கம்.

வளையல் அம்மனிடம் போய்ச் சேர்ந்துவிட்டது. புத்தகங்கள் எங்களிடம் வந்துவிட்டன. அந்த நிம்மதியின் சூடு ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

நடந்த கூத்து உங்களுக்கே தெரியும். பெட்டிகள் மாறிப் போய்விட்டன. கோவையில் எங்கள் மில் நூலகத்தில் பெட்டியைப் பிரித்தால் ஃபிரோசாபாத் கண்ணாடி வளையல்! நூற்பு, நெசவு, சாயம் என்று, நூலக வகைப்பாட்டில் துணித் தொழிலுக்கான 677ஆம் எண் அலமாரிக்காகக் காத்திருந்த புத்தகங்களோ பொள்ளாச்சிப் பக்கம் ஒரு மாரியம்மன் கோயில் வாசலில். விடிந்தால் ஆடிப்பூரம், அம்மனுக்கு வளைகாப்பு. அங்கே பூசாரி கையில் ஸ்பின்னிங் மெஷின் படம்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது நல்ல சாரல். கோயிலுக்குள் திருவிழாச் சாமான் நிறைந்து கிடந்ததால் பெட்டிகள் வெளித் திண்ணையிலேயே இருந்தன. பதறிக்கொண்டு ஓடினேன். எட்டுப் பெட்டியும் செங்கல் மேல் ஏற்றி வைக்கப்பட்டிருந்தன. மேலே ஒரு நீலத் தார்ப்பாய். காற்றில் பறக்காமல் அதைச் சுற்றிலும் வாழைநாரால் கட்டியிருந்தது, பூத் தொடுக்கிற அதே நார். பக்கத்தில் பூக்கார அம்மா தலையில் ஒரு துண்டைப் போட்டுக்கொண்டு, கூரையில்லாத கடையில் நனைந்தபடி மல்லிகை விற்றுக்கொண்டிருந்தார். அது அவர் கடைத் தார்ப்பாய்.

“ஏம்மா இப்படி நனையறீங்க” என்றதற்கு, “பூவு நனைஞ்சா ஒண்ணுமில்லீங்க கண்ணு, தண்ணி தெளிச்சுத்தான விக்கறோம். புஸ்தகம் நனையலாமுங்களா?” என்றார். யார் புத்தகம், எந்த ஊர் என்று எதுவும் அவருக்குத் தெரியாது. பணம் நீட்டினேன், வாங்கவில்லை. ஒரு முழம் பூதான் கொடுத்தார். எனக்குப் பேச்சே வரவில்லை.

வளையலை ஒவ்வொரு டஜனாகச் சரிபார்த்துத் திரும்பக் கட்டிக் கொடுத்த நூல் சுற்றும் வைண்டிங் பிரிவு அக்காமார், இரவில் குட்டியானை வண்டி ஓட்டி வந்த தம்பி, கேட் செக்யூரிட்டி அண்ணன், ஒரு கடுஞ்சொல் சொல்லாத கோயில் கமிட்டிக்காரர்கள், நடுராத்திரியில் டீ போட்டுத் தந்த கடைக்காரர், எல்லாருக்கும் கையெடுத்துக் கும்பிடுகிறேன்.

ஒவ்வொரு நூலுக்கும் ஒரு வாசகர் உண்டு என்றார் இந்திய நூலக அறிவியலின் தந்தை எஸ்.ஆர். ரங்கநாதன். நூலகத்தில் வேலை பார்க்கும் நான் அதைப் பலமுறை மேடையில் சொல்லியிருக்கிறேன். வாசகர் வரும்வரை நூலைக் காப்பாற்ற ஒருவர் வேண்டுமே, அவரை நான் யோசித்ததே இல்லை.

அந்தப் பூக்கார அம்மாவின் பேத்தி பிளஸ் டூ படிக்கிறதாம். எங்கள் நூலகம் இதுவரை மில் ஆட்களுக்கு மட்டும்தான். ஆகஸ்ட் 12, ரங்கநாதன் பிறந்த நாள், நூலகர் தினம். அன்றைக்குள் வெளிப் பிள்ளைகளும் உறுப்பினராக நிர்வாகத்திடம் அனுமதி வாங்கிவிடுவேன். முதல் அட்டையை நானே பொள்ளாச்சிக்கு எடுத்துப் போகிறேன், புதுத் தார்ப்பாய் ஒன்றும் சேர்த்து. அதையாவது அவர் வாங்கிக்கொள்ள வேண்டும்.

நன்றியுடன்,
மில் நூலகப் பொறுப்பாளர்