மொன்றியலின் வாயிற்காப்பாளரைப் பற்றி மகனுக்கு

அன்புள்ள மகனுக்கு,

நீயும் மருமகளும் சுகமாக இருக்க இறைவனை மன்றாடுகிறேன். இங்கே அப்பாவும் நானும் நலம். மொன்றியலில் வாழ்ந்த துறவி, சகோதரர் ஆந்த்ரேயைப் பற்றித் தொலைபேசியில் நீ கேட்டதற்கு அன்று பாதி விடைதான் சொல்ல முடிந்தது. மீதியை ஆறுதலாக இருந்து எழுதுகிறேன். நூல் எதுவும் எழுதாத, மறைக்காக உயிர் கொடுக்காத, குருப்பட்டம்கூடப் பெறாத ஒரு வாயிற்காப்பாளரிடம் இந்த நகரம் ஏன் இப்படித் திரண்டு போனது என்று கேட்டாய். அவர் அற்புதம் செய்தார், அதனால் போனார்கள் என்று பலர் சொல்வார்கள். நான் அந்தக் காரணத்தை இரண்டாவதாகவே வைப்பேன். போனவர்கள் தங்களில் ஒருவரைத் தேடிப் போனார்கள் என்பதே என் எண்ணம்.

அவருடைய இளமையைப் பார். 1845 ஆகஸ்ட் 9 அன்று, மொன்றியலுக்குத் தென்கிழக்கேயுள்ள ஒரு கிராமத்தில் அல்பிரெட் பெசெட் என்ற அந்தக் குழந்தை (ஆந்த்ரே என்பது துறவியான பின் ஏற்ற பெயர்) பிறந்தபோது, பிழைப்பது ஐயம் என்று அஞ்சி உடனே ஞானஸ்நானம் கொடுத்துவிட்டார்கள். அவருக்கு ஒன்பது வயதிருக்கும்போது மரம் வெட்டப் போன தகப்பன், சரிந்த மரத்தில் அகப்பட்டு இறந்தார். பன்னிரண்டு வயதில் தாயைக் காசநோய் கொண்டுபோனது. பிள்ளைகள் உறவினர் வீடுகளுக்குப் பிரிந்து போக, இவர் சித்தி வீட்டில் வளர்ந்தார். படிப்பு ஏறவில்லை, பேக்கரியிலும், சப்பாத்துத் தைக்கும் இடத்திலும், கொல்லன் பட்டறையிலும் வேலை செய்து பார்த்தும், வயிற்று நோயால் உடம்பு இடங்கொடுக்காமல் எதிலும் நிலைக்கவில்லை. பிறகு எல்லை கடந்து அமெரிக்காவின் பஞ்சாலைகளில் கூலி வேலைக்குப் போய்ச் சில ஆண்டுகள் கழித்துத் திரும்பினார். 1840க்கும் 1930க்கும் இடையில் பிரெஞ்சு மொழி பேசிய கனடியர் ஏறத்தாழ 9 இலட்சம் பேர் பிழைப்புத் தேடி அந்த நாட்டுக்குப் போனார்கள். பிற்காலத்தில் அவர் முன்னால் வந்து உட்கார்ந்த தொழிலாளிகளில் அநேகர் அந்த ஆலைகளின் இரைச்சலையும் தூசியையும் அறிந்தவர்கள். அவர்களுடைய கதையை அவருக்கு விளக்கிச் சொல்லவேண்டிய தேவை இருக்கவில்லை.

1870இல் அவருடைய பங்குக் குருவானவர், உங்களுக்கு ஒரு புனிதரை அனுப்புகிறேன் என்று எழுதித் திருச்சிலுவைச் சபை என்ற துறவற சபைக்கு அனுப்பினார். சபையோ நோயாளியை வைத்துக்கொள்ளத் தயங்கியது. மொன்றியல் ஆயர் புர்ஜே அந்த வழியாக வந்தபோது இவர் நேரில் போய்க் கெஞ்ச, ஆயர் தலையிட்ட பின்னரே வார்த்தைப்பாடு கொடுத்துத் துறவியாக இடம் கிடைத்தது. மொன்றியலின் கோட் தெ நேஜ் பகுதியில் உள்ள நோத்ர் டாம் கல்லூரியின் வாயிற்காப்பு வேலையைக் கொடுத்தார்கள். “சபைக்கு வந்ததும் எனக்குக் கதவைக் காட்டினார்கள், நாற்பது வருடம் அங்கேயே நின்றுவிட்டேன்” என்று அவர் பின்னாளில் சொல்லிச் சிரிப்பாராம். கதவு திறப்பதோடு, நிலம் கழுவுவது, உடுப்புத் துவைப்பது, கடிதம் கொண்டுபோவது, மாணவர்களுக்கு முடி வெட்டுவது எல்லாம் அவர் கையில் இருந்தன. முடிவெட்டுக்கு வாங்கிய ஐந்து ஐந்து சதத்தைச் சேர்த்து வைத்துத்தான், கல்லூரிக்கு எதிரேயிருந்த மலையில் இயேசுவின் வளர்ப்புத் தந்தையான சூசையப்பருக்கு ஒரு சின்னக் கோயில் கட்ட 1904இல் வழி பார்த்தார். அதே மலையில் இன்று நிற்கும் சூசையப்பர் பெரிய கோயிலுக்கு அதுதான் தொடக்கம்.

இந்த இடத்தில் நீ கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும் என்று விரும்புகிறேன். நோயாளிகளும் துயரப்பட்டவர்களும் முதலில் அவரிடம் வந்தது, கதவைத் தட்டினால் திறக்கிறவர் அவர் என்பதனால். அவரிடம் கொடுக்கப் பதவி இல்லை, மறுக்க அதிகாரமும் இல்லை. சூசையப்பர் சொரூபத்தின் முன் எரிந்த விளக்கின் எண்ணெயைக் கொஞ்சம் கொடுத்து, பூசிக்கொள்ளுங்கள், ஒன்பது நாள் செபமான நவநாள் செய்யுங்கள் என்பார். கூட்டம் பெருகவே, பிள்ளைகளுக்கு நோய் தொற்றிவிடும் என்று பெற்றோர் முறையிட்டார்கள், கல்லூரி மருத்துவரும் எதிர்த்தார். அப்போது மேலிடம் சொன்னபடி, தெருவுக்கு எதிர்ப்பக்கத்திலிருந்த டிராம் தரிப்பிடத்துக்குப் போய் அங்கே அவர்களைச் சந்தித்தார். வாதாடவும் இல்லை, வந்தவர்களைத் திருப்பி அனுப்பவும் இல்லை. இந்த நாட்டுக்கு நாங்கள் வந்த புதிதில், ஒரு கையொப்பத்துக்காக எத்தனையோ கண்ணாடிச் சாளரங்களுக்கு முன்னால் மொழி தெரியாமல் நின்றவள் நான். ஆகவேதான், அந்தத் தரிப்பிடத்தில் நின்ற கிழவர் எனக்குப் பெரிய கோயிலைவிடப் பெரியவராகத் தெரிகிறார்.

அவர் எந்நேரமும் இனிமையானவராக இருந்தார் என்று நினைத்துவிடாதே. மலைக்கோயில் பொறுப்பை 1909இல் ஏற்ற பிறகு நாளும் நூற்றுக்கணக்கானவர்கள் வரிசையில் வந்தார்கள். ஒருவருக்கு ஓரிரு நிமிடமே கிடைக்கும். களைப்பில் சில வேளை சுள்ளென்று பேசிவிடுவார், பிறகு வருந்தி அழுவார். நீங்கள்தான் என்னைக் குணமாக்கினீர்கள் என்று யாராவது நன்றி சொன்னால் உண்மையாகவே கோபம் வரும். நான் அல்ல, சூசையப்பர் என்பார். மாலையில் நண்பர்களின் வாகனத்தில் ஏறி, வர இயலாதவர்களை வீடுகளிலும் மருத்துவமனைகளிலும் போய்ப் பார்ப்பார். வயது போன காலத்திலும் அதை நிறுத்தவில்லை. 1937 சனவரி 6இல், 91 வயதில் அவர் இறந்தபோது, மாரிக் குளிரில் வரிசையாக நின்று பெட்டியைக் கடந்து போனவர்கள் பத்து இலட்சம் பேர் என்று கணக்கிடப்பட்டது. திருச்சபை அவரைப் புனிதர் என்று அறிவித்தது 2010 அக்டோபர் 17இல். இந்தச் சனம் அதற்கு 73 ஆண்டுகளுக்கு முன்பே முடிவு செய்துவிட்டது.

1960களுக்குப் பிறகு கியூபெக்கில் கோயில்கள் வெறிச்சோடிப் போனதை நீயே பார்த்து வளர்ந்தாய். அப்படியிருந்தும் அந்த மலைக்கு ஆண்டுதோறும் 20 இலட்சத்துக்கும் மேலானவர்கள் வருகிறார்கள். மொத்தம் 283 படிகள். நடுவில் உள்ள 99 மரப்படிகளில் முழங்காலில் ஏறுகிறவர்களில் நம் யாழ்ப்பாணத்துச் சைவக் குடும்பங்களும் உண்டு. ஊரில் மடுக் கோயிலின் மாதாவிடம் நேர்த்தி வைத்துப் பழகியவர்களுக்கு இது புதிதல்ல. குணமானோம் என்றவர்கள் விட்டுப்போய்க் கோயிலுக்குள்ளே தொங்கும் ஊன்றுகோல்களைப் பற்றி நீ சந்தேகமாகக் கேட்டாய். ஒவ்வொன்றுக்கும் நான் சாட்சி சொல்ல முடியாது, சொல்லவும் மாட்டேன். ஆனால் குணமாகாமல் திரும்பியவர்கள் அதைவிட எத்தனையோ மடங்கு இருந்திருப்பார்கள் அல்லவா? அவர்களும் மறுபடி வந்தார்கள், பிள்ளைகளையும் அழைத்து வந்தார்கள். அவர்களுக்கு அங்கே என்ன கிடைத்தது என்று கேட்டுப் பார். எனக்கு அந்தக் கேள்வியே பெரிது.

கோடை விடுமுறைக்கு நீங்கள் இருவரும் வரும்போது மருமகளைக் கூட்டிக்கொண்டு போவோம். பெரிய கோயிலை அவளே சுற்றிப் பார்த்துக்கொள்வாள். முதல் கட்டிய சின்னக் கோயிலின் மேல்மாடியில் அவர் படுத்த அறையை நான் காட்ட வேண்டும். என் முழங்கால் இப்போது படிகளுக்கு ஒத்துவராது, ஆகவே கீழ்வாசலிலிருந்து மேலே போகும் பேருந்தில் நான் வருகிறேன். எந்தக் கிழமை வருவீர்கள் என்பதை அப்பாவிடம் முன்கூட்டியே சொல்லிவிடு.

அன்புடன்,
அம்மா