அலுப்பு உன் குத்தமில்ல, தாயி

தாயி,

நல்லா இருக்கியா? நானும் அப்பாவும் சுகம். கச்சான் காத்து ஆரம்பிச்சு தெற்குவாடிப் பக்கம் கடல் கொந்தளிச்சுக் கிடக்கு, கடல்பாசி எடுக்க யாரும் இறங்கல. போன்ல பேசினா நீ "சரிம்மா, சரிம்மா"ன்னு முடிச்சிருவ. அதான் எழுதுறேன்.

ஞாயித்துக்கிழமை பேசுறப்ப ஒண்ணு சொன்னே. ஆபீஸ் விட்டு வந்து படுத்தா சாப்பிடக்கூட எந்திரிக்க முடியல, நான் சோம்பேறி ஆயிட்டேனாம்மான்னு. கூட வேலை பாக்குற யாரோ அப்படிச் சொன்னாங்களாம். யாரோ சொன்னதை விடு, அந்த வார்த்தையை நீ உன் வாயால சொன்னதுதான் எனக்குப் பொறுக்கல. செரிபிரல் பால்சிங்கிற மூளை முடக்குவாதத்தோட பொறந்து, காலையில அஞ்சு மணிக்கு எந்திரிச்சு, சட்டைப் பட்டன் போடவே கால் மணி நேரம் போராடி, பஸ் ஏறி, ஒரு ஃபைல் மிச்சம் வைக்காம முடிச்சுட்டு வர்றவளுக்கா அந்தப் பேரு?

நீ சின்னப் புள்ளையா இருக்கையில ராமநாதபுரத்துல உனக்கு பிசியோதெரபி பாத்த டாக்டரம்மா, என் கையை எடுத்து உன் தொடையில வச்சாங்க. "இப்ப ஒரு அடி எடுத்து வைடா"ன்னாங்க. காலை மடக்க ஒரு பக்கத்துச் சதை இறுகுறப்ப எதிர்ப்பக்கத்துச் சதை தளந்து குடுக்கணுமாம். உனக்கு ரெண்டு பக்கமும் சேந்தே இறுகுச்சு. அந்த ஒரு அடிக்குள்ள உன் சதை துடிச்ச துடிப்பு என் உள்ளங்கையில இன்னமும் இருக்கு. செரிபிரல் பால்சி உள்ளவங்களுக்கு ஒரே தூரத்தை நடக்க மத்தவங்களைவிட ரெண்டு மூணு மடங்கு சக்தி செலவாகலாம்னு அவங்க அன்னிக்கே சொன்னாங்க. நடக்குறது மட்டுமா? நாற்காலியில நிமிந்து உக்காந்திருக்குறது, பேனாவைப் பிடிக்குறது, பஸ்காரன் ஹாரன் அடிச்சா உடம்பு திடுக்குன்னு விறைக்கிறது, ஏசிக் குளிர்ல கால் இழுத்துக்குறது, எல்லாத்துக்கும் உன் உடம்பு உழைச்சாகணும்.

பாசிக்குப் போற எங்களுக்கு இது சட்டுனு புரியும். கடல் நீரோட்டம், நம்ம நீவாடு, கூட வர்ற அன்னிக்கு பவளப்பார் முழுக்கச் சுத்தி மரிக்கொழுந்துப் பாசி பறிச்சுட்டு வந்தும் சாயங்காலம் மீன் ஆஞ்சு உலை வைக்கலாம். எதிர்த்து இழுக்குற அன்னிக்குப் பாதியிலயே தோள் விட்டுப்போகும். கரையில நின்னு பாக்குறவங்களுக்கு ரெண்டும் ஒரே தூரந்தான். உனக்குப் பொறந்ததுல இருந்தே எதிர்நீவாடு, தாயி.

முப்பது தாண்டினதும் அலுப்பு கூடுதே, நோய் முத்திருச்சோன்னு நீ உள்ளுக்குள்ள பயப்படுறது எனக்குத் தெரியும். அந்த டாக்டரம்மாகிட்ட நேத்து போன் போட்டுக் கேட்டேன். மூளையில பொறக்கும்போதே பட்டிருந்த காயம் அப்படியேதான் இருக்காம், வளராதாம். ஆனா அதுக்கு ஈடுகொடுத்து இத்தனை வருசம் உழைச்ச தசையும் மூட்டும் மத்தவங்களுக்கு முன்னாடியே தேய ஆரம்பிக்குமாம். உன்னை மாதிரி நிறையப் பேருக்கு இது நடக்குதாம். நார்வே நாட்டுல உன்னை மாதிரிப் பெரியவங்க 400 பேருக்கு மேல விசாரிச்சு 2003-ல எழுதியிருக்காங்களாம். ஊர்ல மத்தவங்களைவிட இவங்களுக்கு உடம்பு அலுப்பு அதிகம், மன அலுப்புல அப்படி வித்தியாசம் இல்லைன்னு கண்டிருக்காங்க. கேட்டதும் எனக்குக் கண்ணு கலங்கிருச்சு. உன்னைச் சோம்பேறின்னு சொன்னவங்க இதைப் படிக்கணும். வலியும் அலுப்பும் ஒண்ணோட ஒண்ணு பின்னிக்கிடக்குன்னும் அதுல இருக்காம். அதனால இடுப்பு வலியைப் பல்லைக் கடிச்சுப் பொறுத்துக்காதே, டாக்டர்கிட்ட சொல்லு.

நீ எப்பவும் முடியாம போன பிறகுதான் உக்காருவ. அதை மாத்து. பதினோரு மணிக்குத் தெம்பாத்தான் இருக்கும், அப்பவே பத்து நிமிசம் முதுகைச் சாச்சுக்க. மதியச் சாப்பாட்டுக்குக் கீழ இறங்கி ஏறாதே, மேலயே சாப்பிடு. துணி துவைக்குற அன்னிக்குச் சந்தைக்குப் போகாதே. அதுக்காக உடற்பயிற்சியை விட்டுராதே, சதைக்கு அளவான வேலை வேணும்.

ஆபீஸ்ல வாய் திறந்து கேளு. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்துல உன் குறைபாட்டுப் பேரும் இருக்கு. அரசு அலுவலகம் தகுந்த வசதி செஞ்சு குடுக்கணும்னு அதுலயே எழுதியிருக்கு. கைப்பிடி வச்ச நாற்காலி, ஏசிக் காத்து நேரா அடிக்காத இடம், நடுவுல கொஞ்சம் ஓய்வு. இதைக் கேக்குறதுக்கு என்ன கூச்சம்?

வீல்சேர் விசயமும் அப்படித்தான். புதுப் பாம்பன் பாலம் 2025 ஏப்ரல்ல திறந்த பிறகு ரயில் மறுபடி ராமேஸ்வரம் வரைக்கும் வருது. அடுத்த தடவை வரும்போது ஸ்டேஷன்ல வீல்சேர் கேட்டு வாங்கிக்க. நடைமேடையில வீணாப் போற தெம்பு இங்கே வந்து என்கூடப் பேசிட்டு இருக்க உதவும். நடக்குற புள்ளைக்கு எதுக்கு வண்டின்னு உங்க சித்தி கேப்பா. அவளுக்கு நான் பதில் சொல்லிக்கிறேன்.

எல்லா அலுப்பையும் இந்தக் குறைபாட்டு மேலயே போட்டுறவும் கூடாதாம். ரத்தசோகை, தைராய்டு, தூக்கம் சரியில்லாதது, மனச்சோர்வு எல்லாம் பாக்கச் சொன்னாங்க டாக்டரம்மா. சதை இறுக்கத்துக்கு நீ போடுற பாக்லோஃபென் மாத்திரையும் தூக்கக் கலக்கம் குடுக்கும், ஆனா நீயா சட்டுனு நிறுத்திடாதே, அது ஆபத்து. டாக்டரைக் கேட்டுத்தான் அளவை மாத்தணும். இன்னொண்ணு, கை மரத்துப்போனாலோ, பிடிச்ச சாமான் நழுவி விழுந்தாலோ, ஒண்ணுக்கு அடக்க முடியாமப் போனாலோ, நடை திடீர்னு மோசமானாலோ லீவு கிடைக்கட்டும்னு காத்திருக்காதே. கழுத்துல தண்டுவடம் நெருக்குப்பட்டிருக்கலாமாம். அன்னிக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயிரு.

நெத்திலிக் கருவாடு காயவச்சு அனுப்பியிருக்கேன். உப்புக் கம்மிதான். சமைக்க முடியாத அன்னிக்குக் கடையில வாங்கிச் சாப்பிடு, வெறும் வயித்தோட மட்டும் படுக்காதே. ஆபீஸ்ல குடுக்கப்போற மனுவை முதல்ல வாட்ஸ்அப்ல அனுப்பு, அப்பா ஒரு தடவை படிச்சுப் பாக்கணுமாம். சனிக்கிழமை போன் பண்ணுறப்ப, டாக்டர்கிட்ட தேதி வாங்கிட்டியான்னுதான் முதல்ல கேப்பேன்.

இப்படிக்கு,
அம்மா
பாம்பன்