கடக்காத எல்லைக்கு 120 ரூபாய்

பெறுநர்:
குறைதீர் அலுவலர்,
தங்கள் வாடகைக் கார் செயலி நிறுவனம்,
கோயம்புத்தூர்.

நாள்: 11 ஆகஸ்ட் 2025

பொருள்: 18 ஜூலை 2025 மாலைப் பயணம். பாதி வழியில் இறக்கிவிட்டதும், போகாத தூரத்துக்கும் கடக்காத எல்லைக்கும் பணம் பிடித்ததும் தொடர்பாக.

ஐயா அல்லது அம்மையீர்,

கோவையில் கண்புரை அறுவை சிகிச்சை முடிந்த என் அம்மாவை வீட்டுக்கு அழைத்துவர அன்று மாலை உங்கள் செயலியில் கார் பதிவு செய்தேன். கார் எங்களை வீட்டில் இறக்கவில்லை. வீட்டுக்கு ஆறு கிலோமீட்டர் இருக்கும்போதே, வேலந்தாவளம் சோதனைச் சாவடிக்கு இந்தப் பக்கம், தமிழ்நாட்டு மண்ணிலேயே இறக்கிவிட்டது. பிறகு வந்த பில்லில் ‘மாநில எல்லைக் கட்டணம்’ என்று 120 ரூபாய் இருந்தது. எந்த எல்லை என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

நாங்கள் இருப்பது பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுகாவில், வேலந்தாவளத்திலிருந்து கொழிஞ்சாம்பாறை போகும் சாலையில். ரேஷன் அட்டை கேரளத்தினுடையது, வீட்டுப் பேச்சு தமிழ், ஆஸ்பத்திரி என்றால் கோவை. எங்கள் பக்கத்தில் பாதிப் பேர் இப்படித்தான். கேரள அரசின் வாடகைக் கார், ஆட்டோ செயலியான ‘கேரள சவாரி’ 2022 ஆகஸ்டில் திருவனந்தபுரத்தில் தொடங்கியபோது, கூட்ட நேரத்திலும் கட்டணத்தை ஏற்ற மாட்டோம் என்றார்கள். கேட்க நன்றாக இருந்தது. ஆனால் திருவனந்தபுரம் எங்களுக்கு எத்தனை தொலைவு! உக்கடத்திலிருந்து பஸ் இருக்கிறது, மற்ற நாட்களில் அதில்தான் வருவேன். கண்ணில் கட்டுடன் இருக்கும் எழுபத்திரண்டு வயதுக்காரரை வெள்ளிக்கிழமை மாலை பஸ்ஸில் ஏற்ற மனம் வரவில்லை.

நான் பால் சங்கத்தில் கணக்கு எழுதுகிறவள். அம்மாவின் கண்ணுக்காக ஒரு வருடமாகக் கோவைக்கும் வீட்டுக்குமாக அலைவதால், நான் பயன்படுத்தும் மூன்று கார் செயலிகளையும் பற்றி ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். நாள், நேரம், காட்டிய விலை, வாங்கிய விலை, எத்தனை பேர் வர மறுத்தார்கள் என்று ஐந்து கட்டங்கள். முதல் செயலியில் விலை எப்போதும் குறைவு. ஆனால் ஓட்டுநர் போன் செய்து ‘எங்கே போக வேண்டும்’ என்பார், கேரளம் என்றதும் பயணத்தை ரத்து செய்துவிடுவார். அன்றும் இரண்டு பேர் அப்படியே செய்தார்கள். தகுந்த காரணமின்றி ரத்து செய்தால் கட்டணத்தில் 10 சதவீதம், அதிகபட்சம் 100 ரூபாய் அபராதம் என்று மத்திய அரசு ஜூலை 1ஆம் தேதி வெளியிட்ட புதிய நெறிமுறைகள் ஓட்டுநருக்கும் சொல்கின்றன. மாநிலங்கள் ஏற்று நடைமுறைப்படுத்தினால்தான் அதற்குப் பலன். அது வேறு நிறுவனம், அதற்கு வேறு கடிதம் எழுதுவேன்.

இரண்டாவது செயலி ஓட்டுநரிடம் நாள் சந்தா மட்டும் வாங்குவது. நாம் கொடுக்கும் பணம் முழுவதும் அவருக்கே போகும் என்பதால் பேச்சு நேராக இருக்கும். வர முடியாது என்றால் முடியாது என்று முதலிலேயே சொல்லிவிடுவார். அதில் குறை ஒன்றுதான்: மாலை ஆறு மணிக்கு மேல் கார் கிடைப்பதில்லை.

மூன்றாவது உங்களுடையது. மூன்றில் இதில்தான் விலை அதிகம். அன்று முதல் செயலி 540 ரூபாய் காட்டியது, நீங்கள் 612. ஆனாலும் உங்களைத் தேர்ந்தெடுத்தேன். காரணத்தை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். விலைக்குக் கீழே ‘இந்தத் தொகை மாறாது’ என்று எழுதியிருந்தீர்கள். அந்த மூன்று சொல்லுக்காக 72 ரூபாய் கூடுதலாகத் தர நான் தயாராக இருந்தேன். பக்கத்தில் அமர்ந்திருந்த என் அக்கா மகனின் விலையுயர்ந்த போனில் அதே பயணத்துக்கு 648 காட்டியது. போனைப் பார்த்து விலை போடுகிறார்களா என்று நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் இந்த ஜனவரியில் இரண்டு பெரிய நிறுவனங்களுக்கு நோட்டீஸ் அனுப்பிய செய்தி நினைவுக்கு வந்தது. ஆனால் அவன் பார்த்தது இரண்டு நிமிடம் கழித்து. மழையும் அதற்குள் வலுத்துவிட்டது. எனவே அதை நான் புகாராகச் சேர்க்கவில்லை. மழை நேரத்தில் விலை ஏறுவதையும் சேர்க்கவில்லை. சங்கத்தில் மழை என்பதற்காக நாங்கள் பால் விலையை மாற்றுவதில்லை என்பது வேறு விஷயம். கருவி கொழுப்பையும் கொழுப்பற்ற திடப்பொருளையும் காட்டும், விலைப் பட்டியல் சுவரில் தொங்கும், பால் ஊற்ற வந்தவர் தானே பெருக்கிப் பார்த்துக்கொள்வார்.

கார் வந்தது. ஓட்டுநர் நல்ல பிள்ளை. அம்மா ஏறும்போது குடை பிடித்தார். மதுக்கரை, எட்டிமடை தாண்டிக் க.க.சாவடியில் திரும்பும்வரை ஒரு குறையும் இல்லை. பாலக்காட்டுக் கணவாய்க்கே உரிய காற்றும் சாரலும் மட்டும் கண்ணாடியில் அறைந்துகொண்டிருந்தன. வேலந்தாவளம் நெருங்கியதும் வேகத்தைக் குறைத்தார். வண்டிக்குக் கேரளப் பெர்மிட் இல்லை என்றார். பிடித்தால் அபராதம் தன் தலையில் விழும், நிறுவனம் ஒரு ரூபாய் தராது என்றார். இறங்கும் இடம் கேரளத்தில் என்று முன்பே தெரியாதா என்று கேட்டேன். போனை எடுத்துக் காட்டினார். அவருக்கு உங்கள் செயலி காட்டியது ‘வேலந்தாவளம் சாலை’ என்பது மட்டும். என் திரையிலோ வீட்டு முகவரி முழுதாக, கேரளம் என்ற சொல்லோடு இருந்தது. ஒரே பயணத்துக்கு இருவருக்கும் இரண்டு முகவரி காட்டியது நீங்கள். அவர் மீது எனக்குக் கோபம் இல்லை. இந்தக் கடிதத்தைக் காரணமாக வைத்து அவர் கணக்கை முடக்கிவிடாதீர்கள்.

கண்ணில் தண்ணீர் படக்கூடாது என்று மருத்துவர் மூன்று முறை சொல்லி அனுப்பியிருந்தார். அம்மாவை டீக்கடைப் பெஞ்சில் உட்கார வைத்து, தலையில் துண்டைப் போர்த்தி, ஆட்டோ ஸ்டாண்டுக்கு ஆள் அனுப்பி வரவழைத்தோம். இருபத்தைந்து நிமிடம் ஆனது. ஆட்டோவுக்கு 200 ரூபாய். அதற்குள் உங்கள் பில் போனில் வந்து, இணைத்து வைத்திருந்த பணப்பையிலிருந்து தொகையும் கழிந்துவிட்டது: பயணம் 612, மாநில எல்லைக் கட்டணம் 120, காத்திருப்பு 35, ஆக 767. மாறாத தொகை 155 ரூபாய் மாறியிருந்தது. காத்திருந்தது யார் என்றும் சொல்லிவிடுகிறேன். நாங்கள் ஆஸ்பத்திரி வாசலில் நின்றோம், கார்தான் பன்னிரண்டு நிமிடம் தாமதமாக வந்தது.

இந்த எல்லை நேற்று முளைத்ததல்ல. 1956 நவம்பர் 1 முதல் இரு மாநிலங்களும் அங்கேதான் சந்திக்கின்றன. ஒரு காரை உங்கள் செயலியில் சேர்க்கும்போது அதன் பெர்மிட் நகலையும் வாங்கிக்கொள்கிறீர்கள். எந்த வண்டி எல்லையைத் தாண்டலாம், எது தாண்டக்கூடாது என்பது உங்கள் கையிலேயே இருக்கிறது. அதைப் பார்க்காமல் விலை காட்டினீர்கள், பணமும் பிடித்தீர்கள்.

அன்றிரவே செயலியில் புகார் பதிந்தேன். தமிழில் எழுதினேன், பதில் மலையாளத்தில் வந்தது. மலையாளம் எனக்கு நன்றாகவே தெரியும், அதிலிருந்த பிழைகளும் அதனால் தெரிந்தன. சாரம் இதுதான்: ‘பயணம் வெற்றிகரமாக முடிந்துள்ளது. அசௌகரியத்துக்கு வருந்துகிறோம். அடுத்த பயணத்தில் 50 ரூபாய் தள்ளுபடி.’ தள்ளுபடி கோவை மாநகர எல்லைக்குள் மட்டும், ஏழு நாட்களுக்கு மட்டும். பிறகு ஓட்டுநருக்கு எத்தனை நட்சத்திரம் என்று கேட்டது. ஐந்து கொடுத்தேன். நிறுவனத்துக்கு எத்தனை என்று கேட்கும் இடம் எங்கும் இல்லை.

முதலில் காட்டாத கட்டணத்தைப் பின்னர் சேர்த்து, காட்டிய விலையைவிடக் கூடுதலாக வாங்குவது, 2023 நவம்பர் 30ஆம் தேதி மத்திய அரசு தடை செய்த 13 ஏமாற்று உத்திகளில் ஒன்று. மின்வணிக விதிகள் 2020இன்படி, புகாரைப் பெற்றதை 48 மணி நேரத்தில் உறுதி செய்வதும், ஒரு மாதத்தில் தீர்ப்பதும் குறைதீர் அலுவலரின் கடமை. அந்த மாதம் ஆகஸ்ட் 18ஆம் தேதி முடிகிறது.

நான் கேட்கும் தொகை 355 ரூபாய். எல்லைக் கட்டணம் 120, காத்திருப்பு 35, ஆட்டோ 200. ஆட்டோ பணத்தைக் கேட்பதால், கார் ஓடாத ஆறு கிலோமீட்டருக்கான பங்கைத் தனியாகக் கேட்கவில்லை. ஒரே செலவை இரண்டு இடத்தில் எழுதினால் எங்கள் தணிக்கையாளர் சிவப்பு மை போடுவார். மழையில் அம்மா உட்கார்ந்திருந்ததற்குத் தொகை போட எனக்குத் தெரியவில்லை, போடவும் விரும்பவில்லை.

இதோடு ஒரு மாற்றமும் வேண்டும். இறங்கும் இடம் வேறு மாநிலம் என்றால், அங்கே போகப் பெர்மிட் உள்ள கார்களுக்கு மட்டும் அழைப்பை அனுப்புங்கள். அப்படிக் கார் இல்லையென்றால் இல்லை என்று சொல்லிவிடுங்கள். எல்லைக் கட்டணம் உண்டென்றால், பதிவு செய்யும் முன்பே, விலைக்குப் பக்கத்திலேயே காட்டுங்கள்.

18ஆம் தேதிக்குள் பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் பதிவு செய்துவிட்டு, பாலக்காடு மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். நுகர்வோர் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குத் தொடர 2019ஆம் ஆண்டுச் சட்டம் இடம் தருகிறது. அந்த ஒரு பயணத்துக்காவது நான் எல்லை தாண்ட வேண்டியதில்லை.

அம்மாவின் மற்றொரு கண்ணுக்கு அக்டோபரில் நாள் குறித்திருக்கிறார்கள். பதிலைத் தமிழில் அனுப்புங்கள்.

இப்படிக்கு,
(பெயர், பயண எண், கைபேசி எண் ஆகியவை தனித்தாளில்)

இணைப்பு: பில், 612 ரூபாய் காட்டிய திரையின் படம், தள்ளுபடிச் செய்தி, ஆட்டோ ஓட்டுநர் எழுதித் தந்த துண்டுச் சீட்டு.