கோல்மன் சார், உங்கள் முழங்காலை நான் மன்னித்துவிட்டேன்

அன்புள்ள கோல்மன் சார்,

இன்று ஏப்ரல் 5, ஆஸ்திரேலிய ஃபுட்பாலில் எஸெண்டன் அணிக்காகக் கோல் அடித்துக் குவித்த உங்கள் நினைவு நாள். 1973-இல் நீங்கள் போனபோது வயது 44. அந்தக் கதையை உங்களிடமே சொல்லப் போவதில்லை.

உங்கள் பேச்சை எடுத்தாலே எல்லோரும் நேராக முழங்காலுக்குத்தான் போகிறார்கள். 1954-இல் ஃபிட்ஸ்ராய்க்கு எதிராக 14 கோல் அடித்த சூடு ஆறுவதற்குள் நார்த் மெல்போர்ன் ஆட்டத்தில் மூட்டு விலகி, 25 வயதில் எல்லாம் முடிந்தது. 98 ஆட்டம், 537 கோல். "அந்தக் கால் மட்டும் நல்லா இருந்திருந்தா..." என்று பெருமூச்சு விடுவார்கள். இனி அந்த ஒப்பாரியில் நான் சேருவதாக இல்லை. கால் போனது விதி. அதில் உங்கள் தப்பு என்ன இருக்கிறது?

எனக்கு ஆறாதது 1951.

லீக் சுற்றின் கடைசி ஆட்டம், எதிரணி கார்ல்டன். ஹாரி காஸ்பர் உங்களைச் சீண்டிக்கொண்டே இருந்தார். கழுத்தில் உங்களுக்குக் கட்டிகள் இருந்தன, அடி அங்கேயே விழுந்தது என்பார்கள். நீங்கள் திருப்பிக் கொடுத்தீர்கள். இது நாலு பேர் படிக்கிற இடம் என்பதால் காஸ்பரைப் பற்றி மனதில் இருப்பதையெல்லாம் எழுத மாட்டேன். அவருக்கும் நாலு ஆட்டம் தடை போட்டார்கள். அதோடு விட்டுவிடுகிறேன்.

உங்களுக்கும் நாலு. இறுதிச்சுற்று முழுவதும் போயிற்று. விசாரணை முடிந்து வெளியே வந்தவர் உடைந்து அழுதீர்கள். பந்து எவ்வளவு உயரத்தில் வந்தாலும் மற்ற ஆட்டக்காரர்களின் முதுகுகளுக்கு மேலே எழும்பிப் பிடித்த மனிதர், அத்தனை பேர் முன்னால் நிற்க முடியாமல் அழுகிறார். அதை நினைத்தாலே எனக்குத் தொண்டை அடைக்கிறது.

அடைத்தாலும் கேட்கிறேன்: ஏன் சார் கையை ஓங்கினீர்கள்? 1949-இலும் 1950-இலும் கோப்பை எஸெண்டனுக்குத்தான். மூன்றாவதும் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. நீங்கள் இல்லாமலே பையன்கள் இரண்டு ஆட்டம் ஜெயித்து கிராண்ட் ஃபைனல் வரை போனார்கள். ஆடுவதிலிருந்து ஓய்வு பெற்றிருந்த கோச் டிக் ரெனால்ட்ஸ் 36 வயதில் மாற்று ஆட்டக்காரராகப் பூட்ஸ் மாட்டிக்கொண்டார். கீலோங்கிடம் 11 புள்ளி வித்தியாசத்தில் தோற்றோம். ஒரு கோலுக்கு ஆறு புள்ளி. இரண்டே கோல் சார்! ஆட்டத்துக்குச் சராசரி அஞ்சுக்கு மேல் அடிக்கிறவர் வெளியே உட்கார்ந்திருந்தார்.

இப்படிக் கேட்க நான் யார்? மன்னித்துக்கொள்ளுங்கள். புண் இருக்கிற இடத்தில் அடி விழுந்தால் நானும் சும்மா நிற்கமாட்டேன். ஆனால் நான் சாதாரண ஆள். சீண்டினால் உங்களை வெளியேற்றிவிடலாம் என்று எதிரிக்குத் தெரியும், அது உங்களுக்கும் தெரிந்திருக்க வேண்டாமா? சரி, மன்னிப்புக் கேட்டுவிட்டு மறுபடியும் திட்டுகிறேன்.

1961 முதல் 1967 வரை நீங்களே கோச். 1962, 1965 என்று இரண்டு கோப்பை. அடி வாங்கிக்கொண்டு வந்த பையனிடம் அப்போது என்ன சொன்னீர்கள்? "திருப்பி அடிக்காதே" என்றா? அந்தப் பதில் கிடைத்தால் போதும் எனக்கு.

1949-இல் முதல் ஆட்டத்திலேயே ஹாத்தார்னுக்கு எதிராக 12 கோல் அடித்தவர் நீங்கள். அந்த வருஷத்தின் நூறாவது கோலை கிராண்ட் ஃபைனல் முடியப்போகிற நேரத்தில் போட்டீர்கள். புத்தகத்தில் படிக்கிறபோதே கைதட்டத் தோன்றுகிறது.

ஒன்று மட்டும் உங்களுக்குத் தெரிந்திருக்காது, நீங்கள் போன பிறகு நடந்தது. லீக்கில் அதிக கோல் அடிப்பவருக்கு 1981 முதல் உங்கள் பெயரில்தான் பதக்கம். அதற்கு இறுதிச்சுற்றுக் கோல்கள் கணக்கில் வராது. உங்களுடைய அந்த நூறாவது கோலே அதில் சேராது. விதிமுறை எழுதியவர்கள்மேல் எனக்குக் கோபம் வரவேண்டும். எனக்கென்னவோ மறுபடியும் உங்கள்மேல்தான் வருகிறது.

அன்புடன்,
உங்கள் ஆட்டத்தை ஒருமுறைகூடப் பார்க்காத ரசிகன்